ஏற்காட்டு முற்றத்தில் ஒரு சிர் பைன்: நாட்டு மரம், ஆனால் நம் மலை மரமா?

ஏற்காட்டில் ஒரு பழைய காப்பித் தோட்டத்து வீட்டை அண்மையில் வாங்கிய நண்பர் ஒருவர், அதன் முற்றத்தில் நிற்கும் உயரமான ஊசியிலை மரத்தைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். இலைகள் மும்மூன்றாகச் சேர்ந்து, ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில் இருக்கின்றன. இரண்டு கைகளாலும் ஏந்தும்படியான கனத்த காய்கள் விழுகின்றன. அவற்றின் செதில் நுனிகள் பின்னோக்கி வளைந்து கொக்கிபோல் நிற்கின்றன. தோட்டத்து ஆட்களில் ஒருவர் இதைச் சவுக்கு என்கிறார், இன்னொருவர் தேவதாரு என்கிறார், கிறிஸ்துமஸ் மரம் என்பவரும் உண்டு. இது நம் நாட்டு மரம்தானா, ஆமென்றால் இதன் நாற்றுகளையே வேலியோரம் நெடுக நட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

அவர் சொல்லும் அடையாளங்கள் யாவும் சிர் பைன் என்ற மரத்துக்குப் பொருந்துகின்றன. அது இந்திய மரம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அது இயற்கையாக வளரும் மலைச்சரிவுகள் சேர்வராயன் மலையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் வடக்கே, இமயமலையின் அடிவாரங்களில் இருக்கின்றன. 'நாட்டு மரம்' என்ற சொல்லை நாம் 'நாட்டுக்கோழி' என்பதுபோலப் பொதுப்படையாகப் பயன்படுத்திவிடுகிறோம். மரத்துக்கு அரசியல் வரைபடம் தெரியாது. அதற்குத் தெரிந்தவை உயரம், மழை, பனி, மண், தீ ஆகியவை மட்டுமே. சிர் பைனின் ஒவ்வோர் உறுப்பும் அந்த வடமலைச் சரிவுகளின் வறட்சிக்கும் தீக்கும் ஏற்ப அமைந்தது என்பதைப் புரிந்துகொண்டால், வேலியோரம் நடலாமா என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். எனவே மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சவுக்கு, பார்வைக்கு ஊசியிலை மரம்போல் தோன்றினாலும், பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது. அதன் பச்சை ஊசி உண்மையில் இலையே அன்று. கணுக்கணுவாக அமைந்த மெல்லிய குச்சி. இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும்; கழன்ற இடத்தில் மறுபடி பொருத்திவைத்து, எங்கே ஒடித்தேன் கண்டுபிடி என்று சிறுவர்கள் விளையாடுவதுண்டு. அந்தக் கணுக்களைச் சுற்றிப் பல்வரிசைபோல் நிற்கும் மிக நுண்ணிய செதில்களே அதன் இலைகள். கிறிஸ்துமஸ் மரம் என்று பங்களாத் தோட்டங்களில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் அரவுக்கேரியா. அது பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது, அடுக்கடுக்காகக் கிளை விரிப்பது. ஏற்காடு முழுவதும் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைச் சிலர் ஊசியிலை மரக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது வெள்ளியும் அன்று, ஓக்கும் அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பூக்கும் மரம்.

தேவதாருவின் கதை இன்னும் சிக்கலானது. இமயமலையின் தேவதாரு வேறொரு ஊசியிலை மரம். அதன் ஊசிகள் குட்டையானவை, சிறு கொத்தாகப் பல ஊசிகள் சேர்ந்து நிற்பவை. அது சிர் பைனுக்கு மேலே, குளிர் மிகுந்த உயரங்களில் வளர்கிறது. ஆனால் நம் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் செம்புளிச்சான் என்ற சிறுமரத்துக்கும் தேவதாரம் என்ற பெயர் உண்டு. மணமுள்ள அதன் வைரக்கட்டையை வைத்து வந்த பெயராக இருக்க வேண்டும். அதற்கும் இமயமலைத் தேவதாருவுக்கும் குடும்ப உறவு சிறிதும் இல்லை. சிர் பைனுக்குரிய பழைய வடமொழிப் பெயர் சரளம். நேரானது, கோணலில்லாதது என்பது அதன் பொருள். தடங்கலின்றிப் பேசுபவரைச் சரளமாகப் பேசுகிறார் என்று சொல்கிறோமே, அதே சொல்தான். கிளையில்லாமல் வெகு உயரம்வரை நேராக ஏறும் அடிமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அறிவியல் பெயர் பைனஸ் ராக்ஸ்பர்கி. வில்லியம் ராக்ஸ்பர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்து, சாமல்கோட்டையில் செடிகளை ஆராய்ந்து, 1793-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்றவர். அவர் இந்த மரத்துக்கு நீண்ட இலையுடையது என்ற பொருளில் பைனஸ் லாங்கிஃபோலியா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை அமெரிக்கப் பைன் ஒன்றுக்கு வேறொருவர் ஏற்கெனவே சூட்டியிருந்ததால் விதிப்படி அது செல்லாமற்போனது. 1897-இல் சார்ஜென்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்கின் பெயரையே மரத்துக்கு வைத்தார். ஆனாலும் பழைய பெயர் முற்றிலும் மறையவில்லை: இதன் பிசினிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள் இன்றும் லாங்கிஃபோலின் என்றே வழங்குகிறது.

இனி மரத்தருகே செல்வோம். கீழே கிடக்கும் ஊசிகளில் ஒரு கொத்தை எடுத்துப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் காகிதம்போன்ற ஓர் உறை மூன்று ஊசிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த உறை ஒரு மிகக் குட்டையான கிளையின் எச்சம். பைன் மரம் தனி ஊசியாக உதிர்ப்பதில்லை, இந்தக் குறுங்கிளையோடு சேர்த்தே உதிர்க்கிறது. ஓர் ஊசியை விரல்களுக்கிடையே உருட்டினால் அது உருளையாக இல்லை, ஒரு பக்கம் வளைந்தும் இரு பக்கம் தட்டையாகவும் இருப்பது தெரியும். மூன்றையும் ஒன்றாக நெருக்கிச் சேர்த்தால், வட்டமாக வெட்டிய அப்பளத்தின் மூன்று துண்டுகள் கூடியதுபோல, இடைவெளியே இல்லாத ஒரே உருளையாகிவிடும். ஐந்து ஊசிப் பைனில் ஒவ்வொன்றும் வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு ஊசிப் பைனில் ஒவ்வொன்றும் பாதி. பைன்களை இனம் பிரிக்க முதலில் ஊசிகளை எண்ணச் சொல்வது இதனால்தான். சிர் பைனின் ஊசி 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும். மேலுறை தடித்தது, மெழுகு பூசியது, மூச்சுத்துளைகள் உள்ளமுங்கியவை. மழையில்லாத நீண்ட மாதங்களில் நீரை விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது.

இந்தியாவில் இயற்கையாக வளரும் பைன்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேற்பட்டவை. அவற்றில் நாம் கேள்விப்பட்டவை நான்கு. சிர் பைன் இமயமலையின் வெளிச்சரிவுகளில், பாகிஸ்தானிலிருந்து இமாசலம், உத்தரகண்ட், நேபாளம், சிக்கிம், பூடான் வழியாக அருணாசலம் வரை, பெரும்பாலும் 500 முதல் 2,000 மீட்டர் உயரத்துக்குள் வளர்கிறது. அதற்கு மேலே, கொத்துக்கு ஐந்து ஊசிகளைத் தொங்கவிட்டு நிற்பது நீலப் பைன். இமாசலத்தின் கின்னௌர் போன்ற மழை குறைந்த உள்மலைகளில் சில்கோசா பைன் வளர்கிறது. சேலம் கடைவீதியில் உலர்பழக் கடைகளில் முந்திரிக்குப் பக்கத்தில், அதைவிடப் பல மடங்கு விலையில், நீண்ட பழுப்பு விதையாக இருப்பது அதுதான். நான்காவது காசி மலையின் பெயரையே தாங்கிய பைனஸ் கேசியா. ஷில்லாங் செல்பவர்கள் பார்ப்பது அது. இங்கே காசி என்பது மேகாலயத்து மலை, கங்கைக்கரைக் காசி அன்று.

இவற்றுள் தீயோடு நெருங்கி வாழப் பழகியது சிர் பைன். பயிற்சிக்காக டேராடூனில் இருந்த காலத்தில் ஒரு மே மாதம் கார்வால் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில் இதன் காட்டுக்குள் நடந்தேன். தரை முழுவதும் செம்பழுப்பு ஊசிகள் கணுக்கால் புதையக் கிடந்தன; சரிவில் கால் வைத்தால் எண்ணெய் தடவிய பலகையில் நடப்பதுபோல் வழுக்கியது. புல்லும் புதரும் அரிதாகவே இருந்தன. பெரிய மரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது, ஆனால் உச்சி பச்சையாக இருந்தது. உடன் வந்த வனக்காவலர் ஒரு மரத்தின் பட்டையைக் கத்திமுனையால் குத்திக் காட்டினார். கரிந்த மேற்பரப்புக்கு உள்ளே மாத்திரை அட்டைபோல் அடுக்கடுக்காகச் செந்நிறப் பட்டை இருந்தது. முதிர்ந்த மரத்தின் அடியில் அது 5 சென்டிமீட்டர் வரை தடித்திருக்கும். காற்றை அடக்கிய அந்த அடுக்குகள் வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. தரையோடு ஓடும் தீ ஊசிச்சருகை எரித்துவிட்டு நகர்ந்துவிடும். பட்டைக்குள் இருக்கும் உயிர்த்திசு பிழைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தீயைத் தாங்கும் மரம், தீயைக் கூட்டவும் செய்கிறது. சிர் பைனின் ஊசிகள் பெரும்பங்கு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வெயில் மாதங்களில் உதிர்கின்றன. பிசின் நிறைந்தவை என்பதால் எளிதில் பற்றும், மட்குவதற்கோ வெகுகாலம் ஆகும். தாழ்ந்த கிளைகளை மரம் தானாகவே உதிர்த்துவிடுவதால், தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணி இல்லை. கீழே வளர முயலும் அகலிலை மரக்கன்றுகள் எரிந்துபோகின்றன, மண் வெறுமையாகிறது, வெறுமையான மண்ணும் நிறைந்த வெயிலும்தான் சிர் பைன் விதைக்கு வேண்டியவை. சாம்பல் படிந்த தரையில் விழுந்த விதை ஜூலை மழையில் முளைக்கிறது. முதல் சில ஆண்டுகள் கன்று மேலே அதிகம் வளராமல் வேரை ஆழ இறக்குகிறது. அந்தக் காலத்தில் தீ வந்து தண்டைக் கருக்கினாலும், அடியிலிருந்து மறுபடி துளிர்விட இதனால் முடியும். வெட்டினால் துளிர்க்காத பைன் குடும்பத்தில் இது அரிய பண்பு. இதே பண்பு வலுவாக உள்ள இன்னொரு பைன், ஆப்பிரிக்காவுக்கு அருகே அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரித் தீவுகளில் வளர்கிறது. சிர் பைனுக்கு நெருங்கிய உறவினன் அதுதான் என்பது வியப்புக்குரிய செய்தி. இடையில் இன்று எத்தனை பாலையும் கடலும் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் சொன்னதால், உத்தரகண்டில் ஆண்டுதோறும் பற்றியெரியும் காடுகளுக்கு மரமே குற்றவாளி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அங்கே தீயில் பெரும்பாலானவை மனிதர் வைப்பவை: புதுப்புல்லுக்காகச் சரிவைக் கொளுத்துவது, வயலோரக் குப்பையை எரிப்பது, அணைக்காத பீடி. மாட்டுக்குத் தழையும் அடுப்புக்கு நல்ல விறகும் தரும் பாஞ்ச் ஓக் மரங்களை வெட்டி வெட்டிச் சரிவு வெயிலுக்குத் திறந்துகொண்ட இடங்களில் சிர் பைன் ஏறியது. பிரிட்டிஷ் காலத்து வனத்துறை பிசினுக்காகவும் ரயில் தண்டவாளக் கட்டைக்காகவும் அதற்கு வலிந்து இடம் கொடுத்தது. ஊர்மக்களின் காட்டுரிமை பறிபோன கோபத்தில் 1921-இல் குமாவுன் பகுதியில் சிர் காடுகளுக்குத் தீ வைத்த நிகழ்ச்சிகள் வரலாற்றில் உண்டு. பிறகு 1981-இல் அன்றைய உத்தரப்பிரதேச மலைப்பகுதிகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. அதனால் பைனைக் குறைத்து ஓக்கைக் கூட்டவும் வழி அடைபட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன். அங்கே பிரூல் என்று சொல்லப்படும் ஊசிச்சருகைக் காட்டிலிருந்து வாரிக் கொண்டுவருபவர்களுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக உத்தரகண்ட் அரசு 2024-இல் அறிவித்தது. தீக்கு உணவாகும் சருகை முன்கூட்டியே அகற்றும் முயற்சி அது.

காயைப் பற்றியும் நண்பர் ஆவலோடு கேட்டிருக்கிறார். அது கனி அன்று. பைன்கள் திறந்த விதைத் தாவரங்கள். பூவும் இல்லை, சூலகத்துக்குள் மூடிய விதையும் இல்லை. மரச்செதில்களின் மேல் விதைகள் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. பாடநூல்கள் கூம்பு என்கின்றன, நாம் காய் என்றே சொல்லிக்கொள்வோம். ஒரே மரத்தில் ஆண் கூம்பும் பெண் கூம்பும் உண்டு. வசந்தத்தில் புதுத்தளிரின் அடியில் விரல்கணு அளவில் ஆண் கூம்புகள் கொத்தாக வரும். கிளையைத் தட்டினால் மஞ்சள் பொடி புகைபோல் எழும். ஒவ்வொரு மகரந்தத் துகளுக்கும் இரு பக்கமும் காற்றுப்பை உண்டு, பலூன் கட்டிய பொட்டலம்போல் மிதந்து செல்ல. மழைநாளில் தேங்கிய நீரின் ஓரத்தில் இந்தப் பொடி படிந்தால், கந்தகம் பெய்ததோ என்று தோன்றும். மகரந்தம் பெண் கூம்பைச் சேர்ந்த பிறகும் அவசரமில்லை. கருவுறுதலுக்கே ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது, காய் முதிர இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் ஒரே கிளையில் பிஞ்சு, பச்சைக் காய், விரிந்த பழுப்புக் காய் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். முதிர்ந்த காய் 12 முதல் 24 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வெயிலேறிய மாதங்களில், அல்லது தீயின் வெப்பம் பட்டதும், செதில் விரிந்து விதையை விடுகிறது. விதை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆனால் அதன் சிறகு நான்கு சென்டிமீட்டர் நீளம்; சுழன்று சுழன்று விழும்போது காற்று அதைத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் கொண்டுபோய்விடும். முளைத்துவரும் கன்றைப் பார்த்தால் பள்ளியில் படித்த ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாடு இங்கே உதவாது என்பது தெரியும்: பத்துக்கும் மேற்பட்ட வித்திலைகள் குடைக்கம்பிகள்போல் வட்டமாக விரிந்து நிற்கும்.

கார்வாலிலிருந்து கொண்டுவந்த காய் ஒன்று சேலத்தில் என் மேசைமேல் பல ஆண்டுகளாக இருக்கிறது. உயிரற்றது, காய்ந்த கட்டை, என்றாலும் பருவம் அறியும். சித்திரை வெயிலில் செதில்கள் முழுவதும் விரிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிற்கும். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்தால் மெல்லக் குவியத் தொடங்கும். ஒருமுறை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் மரத்தில் இருந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி இறுக மூடியிருந்தது. மூன்று நாள் வெயிலில் வைத்ததும் டிக், டிக் என்ற மெல்லிய ஓசையோடு மறுபடி விரிந்தது. செதிலின் வெளிப்புற அடுக்கு ஈரத்தில் அதிகமாக நீள்கிறது, உட்புற அடுக்கு அவ்வளவாக நீள்வதில்லை. அந்த வேறுபாடு செதிலை வளைக்கிறது. சிறகுள்ள விதை ஈரத்தில் பறக்காது என்பதால், காற்று காய்ந்த நாளில் மட்டும் கதவைத் திறக்கும் ஏற்பாடு. அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்து எண்ணினால் செதில்கள் இரு திசைகளில் சுழல் வரிசைகளாகச் செல்வதைக் காணலாம். பைன் காய்களில் அந்த வரிசைகள் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று அமைவது வழக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

பிசின் பற்றியும் சிறிது. பனையில் பாளை சீவிக் கலயம் கட்டுவதுபோல, சிர் பைனின் அடிமரத்தில் பட்டையை வழித்து, மீன்முள் போலச் சாய்வாகக் கீறி, கீழே குவளை பொருத்தி, வெயில் மாதங்களில் பிசினை வடிக்கிறார்கள். அதை வடிகலத்தில் காய்ச்சினால் ஆவியாகி வருவது டர்பன்டைன் எண்ணெய், மண்டியாகத் தங்கும் பெரும்பங்கு ரோசின். பெயின்ட் கடையில் வாசனையால் நமக்கு அறிமுகமானது முன்னது. வயலின் வில்லுக்குத் தேய்க்கும் கட்டியும், பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் பற்றவைக்கும்போது தொட்டுக்கொள்ளும் மஞ்சள் கட்டியும், காகிதத்தில் மை பரவாமல் தடுக்கும் பசையும் பின்னது. இந்தியாவில் பிசினுக்காகக் கீறப்படும் பைன்களில் முதன்மையானது சிர் பைன். மரத்துக்கு இந்தப் பிசின் காயத்தை அடைத்துப் பூச்சியைத் தடுக்கும் மருந்து. ஆழமாகக் கீறிக் கைவிடப்பட்ட மரத்தில் அதே காயம் தீ உள்ளே நுழையும் வாசலாகிவிடுகிறது. கட்டை உறுதியானதுதான், ஆனால் முறுக்குநார் உள்ள மரங்கள் மிகுதி; பெட்டி, கதவுச்சட்டம், மருந்தேற்றிய தண்டவாளக் கட்டை ஆகியவற்றுக்கு மேல் அதற்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை.

தென்னிந்தியாவில் ஏன் ஒரு பைன்கூட இயற்கையாக இல்லை என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். உலகில் நூற்றுக்கு மேற்பட்ட பைன் இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வாழ்பவை. கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளர்வது சுமத்ராவில் உள்ள ஓர் இனம் மட்டுமே. நம் தீபகற்பம் தென்கண்டங்களோடு ஒட்டியிருந்து பிரிந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிய நிலம். பைன்கள் ஆசியப் பக்கத்து வாரிசுகள். இமயமலை எழுந்தபின் அதன் சரிவுகளில் பரவின. அங்கிருந்து தெற்கே வர வெப்பம் மிகுந்த கங்கைச் சமவெளியும் தக்காணமும் குறுக்கே கிடந்தன.

ஊசியிலை மரங்களின் பெரிய கூட்டத்தில் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒன்றே ஒன்று உண்டு. அதற்கு ஊசியும் இல்லை, மரக்காயும் இல்லை. நாகேயா வாலிச்சியானா என்ற அந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான மழைக்காடுகளில், அகத்தியமலை போன்ற இடங்களில், அரிதாக வளர்கிறது. இலை மாவிலையின் சாயலில் அகலமானது. கையில் எடுத்துப் பார்த்தால் நடுநரம்பு இல்லாமல் பல நரம்புகள் இணையாக ஓடுவது தெரியும். விதை கொட்டைப்பாக்குபோல் உருண்டையாகத் தனித்து நிற்கும். முதல் பார்வையில் அதைப் பைனின் உறவினன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வறண்ட கிழக்கு மலையான சேர்வராயனில் அதற்கும் இடமில்லை.

இனி நண்பரின் முற்றத்துக்குத் திரும்புவோம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அந்த அளவில் சிர் பைனுக்குப் பழகிய உயரம்தான். நட்டு வளர்த்தால் வளரும், அதற்கு உங்கள் மரமே சாட்சி. ஆனால் வளர்வது வேறு, உரியது வேறு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்தில் குடுவைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அது மேகாலயத்து மலைச்செடி. இந்தியச் செடிதான், நம் மலையில் பேணி வளர்க்கப்படுகிறது, ஆனால் அதைச் சேர்வராயன் செடி என்று யாரும் சொல்வதில்லை. சேர்வராயன் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற எளிய புதர்மரத்தையோ, சாலையோரத்தில் இருந்தாலும், பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. என் வருத்தம் அது.

வேலி நெடுகப் பைன் நட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு உணர்ச்சி காரணமன்று. உங்கள் மண்ணில் மட்காத ஊசிமெத்தை படிந்தால், காப்பிக்கும் மிளகுக்கும் வேண்டிய கீழ்மண்ணின் உயிரோட்டம் குறையும். மாசி, பங்குனியில் நம் மலைச்சரிவுகளிலும் தீ வருகிறது. எளிதில் பற்றும் சருகை வீட்டைச் சுற்றி ஆண்டுதோறும் பரப்பும் மரத்தை வரிசையாக நடுவது, வைக்கோற்போரை வேலியாக வைப்பதற்கு ஒப்பானது. மேலும், பைன் நாற்று வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சையை எதிர்பார்ப்பது. அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் நாற்று வெளுத்து நின்றுவிடும். தாய்மரத்தடி மண்ணை எடுத்துக் கலந்தால்தான் தேறும் என்பது நாற்றங்கால்காரர்கள் அறிந்த செய்தி. நீலகிரியிலும் பழனிமலையிலும் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட பைனஸ் பாட்டுலா என்ற இன்னொரு பைன் புல்வெளிகளுக்குள் தானாகப் பரவி, இன்று அகற்றப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது. ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. அந்த மெக்சிகோப் பைனுக்கும் பெரும்பாலும் மூன்று ஊசிகள்தாம். ஆனால் அவை நூல்போல் மெலிந்து தொங்கும், காய் கைக்குள் அடங்கும் அளவில் கிளையை ஒட்டிக் கொத்தாக வருடக்கணக்கில் விழாமல் இருக்கும். உங்கள் காயின் கனமும் கொக்கி நுனியும் அதை விலக்கிவிடுகின்றன.

வேலியோரத்துக்குக் கடுக்காய், நாவல், சந்தனம் என்று இந்த மலை அறிந்த மரங்களையே தேர்ந்தெடுங்கள். கடுக்காய் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். இப்போது நிற்கும் பைனை வெட்ட வேண்டியதில்லை. அது தனி மரம், வயதானது, பக்கத்தில் இன்னொரு சிர் பைன் இல்லையென்றால் நல்ல விதை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆபத்தாகச் சாய்ந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி தேவை என்பதால், கோடரியை எடுக்குமுன் வனத்துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அடிமரத்தில் ஆணி அடித்து விளக்குச் சரம் கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள்; அதை எடுத்துவிடுங்கள், ஆணித்துளையில் வழியும் பிசின் மின்கம்பியருகே இருப்பது நல்லதன்று. தை முடிவதற்குள் ஓட்டுக் கூரையிலும் வடிகாலிலும் தங்கிய ஊசிகளை ஒருமுறை வாரிவிடுங்கள். உதிர்வு மிகும் கோடையில் வாரத்துக்கு ஒருமுறை வார வேண்டியிருக்கும். வாரியதைக் கொளுத்தாமல், நடைபாதையில் மழைக்காலச் சேற்றுக்குப் பரப்பலாம். சரிவான பாதையில் மட்டும் வேண்டாம், வழுக்கும்.